பந்தியில் பட்டியல் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து, பள்ளி இல்லாத நாட்களில் குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களில் ஒருவர் ஆசிரியை. அவருடைய பள்ளியில் மதியம் சாப்பாடு உண்டு. ஆனாலும் திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே சில பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறார்களாம். சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

இன்னும் ஒரு வேளைகூடச் சமைக்கவில்லை, அதற்குள் எங்களுக்குள் சண்டை. உண்மையிலேயே ஏழைப் பிள்ளைகள் யார் என்று பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். இல்லாவிட்டால் வசதி உள்ளவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். குழுவின் மூத்தவர், “இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நாம் செய்தால் பெற்றோருக்குப் பொறுப்பு விட்டுப்போகும்” என்கிறார். பணம் தர முன்வந்த ஒருவர், பிள்ளைகள் சாப்பிடும் படங்களை வாராவாரம் அனுப்பச் சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் செய்யலாமா, ஒரு நாள் போதுமா?

அன்புடன்,
தி.

அன்புள்ள தி.,

சமைப்பதற்கு முன்பே சண்டை வந்தது நல்லதுதான். அடுப்பு மூட்டிய பிறகு வந்திருந்தால் சாப்பாடு தீய்ந்திருக்கும்.

உங்கள் ஆசிரியை கண்ணால் பார்த்ததை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் தராசு வைத்துப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் நகரத்தின் பள்ளி மருத்துவ அதிகாரி ரால்ஃப் கிரௌலி, 1907-ல் சுமார் 40 ஏழைப் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் பள்ளியில் உணவு கொடுக்கச் செய்து, எடையைத் தொடர்ந்து குறித்து வைத்தார். சாப்பாடு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. நடுவில் விடுமுறை வந்தது, எடை இறங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான், உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்று அங்கே சட்டம் வந்திருந்தது. பள்ளி நடக்காத நாட்களிலும் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 1914-ல். லீவு விட்டால் பிள்ளைகளுக்கு வயிறு காயும் என்பது சட்டத்துக்கு எட்ட அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம். எனக்கு இந்தப் பட்டியல் அறவே பிடிக்கவில்லை. அதை எப்படி எடுப்பீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தாளை நீட்டி, என் பிள்ளைக்குச் சோறு போட என்னால் முடியவில்லை என்று ஒரு தாயிடம் எழுதி வாங்க வேண்டும். வருமானச் சான்று கேட்க வேண்டும். யார் தகுதி, யார் தகுதி இல்லை என்று நீங்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். மிக மோசமான நிலையில் இருக்கும் வீடுதான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளும். போன மாதம் வரை வேலையில் இருந்து, இந்த மாதம் வேலை போன அப்பாவின் பெயர் எந்தச் சான்றிலும் இருக்காது.

பிள்ளைகளின் பக்கம் இன்னும் சிக்கல். ஐந்து வயதுக் குழந்தை யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடும். பன்னிரண்டு வயதுப் பையன் அப்படி இல்லை. உள்ளே தன் வகுப்பில் படிக்கிறவன் யாராவது இருக்கிறானா என்று தெருமுனையிலேயே நின்று பார்ப்பான். இருந்தால், வேறு ஏதோ வேலையாக வந்தவன்போல அப்படியே நடந்து போய்விடுவான். வீட்டில் கேட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்பான். “அந்தச் சாப்பாட்டுக்குப் போகிறவன்” என்ற பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் கூடவே வரும் என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் வருகிற எல்லாரையும் உட்கார வையுங்கள். இது என் இளகிய மனசு சொல்கிற பேச்சு என்று உங்கள் நண்பர் நினைக்கலாம். அவருக்கு ஒன்று சொல்லுங்கள். அமெரிக்க அரசின் கோடைக்கால உணவுத் திட்டம் 1968-ல் சிறிய அளவில் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அதில் ஒரு விதி உண்டு. ஒரு பகுதியில் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குறையாமல் இலவச உணவுக்கோ சலுகை விலை உணவுக்கோ தகுதி பெற்றவர்களாக இருந்தால், அங்கே நடக்கும் உணவுக்கூடத்தைத் திறந்த கூடமாக நடத்தலாம். பதினெட்டு வயது வரை யார் வந்தாலும் சாப்பாடு. தனித்தனியாக விண்ணப்பம் கிடையாது. பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் ஓர் அரசாங்கமே ஊரைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம் என்று விட்டிருக்கிறது. உங்களுக்கு எதற்கு அந்தத் தலைவலி? வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வந்தால் வரட்டும். அவர்களும் உட்கார்ந்திருப்பதால்தான் மற்றவன் உள்ளே வருகிறான். அவர்களுக்குப் போகிற சாப்பாட்டை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொரு யோசனை. சாப்பாடு என்று சொல்லிக் கூப்பிடவே வேண்டாம். விளையாட்டு, கதை, படம் வரைவது, வீட்டுப்பாடம் என்று எதையாவது சொல்லிக் கூப்பிடுங்கள். நடுவில் சாப்பாடு தானாக வரட்டும். இங்கிலாந்தில் 2021-லிருந்து நாடு முழுக்க நடக்கும் விடுமுறைத் திட்டமும் உணவையும் விளையாட்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அங்கே இலவச இடங்கள் பெரும்பாலும் இலவசப் பள்ளி உணவு பெறும் பிள்ளைகளுக்குத்தான். ஆனாலும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு பந்து விளையாடப் போகிறான் என்றுதான் தெரியும்.

ஆள் பார்த்துத்தான் கொடுக்க முடியும் என்கிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளிடம் இரண்டு நாளைக்கான உணவுப் பை கொடுத்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் இந்த வழக்கம் 1990-களில் ஆர்கன்சா மாநிலத்தில் தொடங்கியது. வயிற்றுவலி, தலைசுற்றல் என்று தன்னிடம் வந்த பிள்ளைகளுக்கு நோய் ஒன்றும் இல்லை, பசிதான் என்று கண்டுகொண்ட ஒரு பள்ளிச் செவிலியர் உதவி கேட்டதில் இருந்து வந்தது அது. நீங்களும் பை கொடுப்பதாக இருந்தால், யார் யாருக்கு என்பதை ஆசிரியையே மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதும். எல்லாப் பையும் ஒரே நிறத்தில், பளிச்சென்று பெயர் அச்சடித்து இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். அவர்களுடைய புத்தகப் பைக்குள்ளேயே அடங்கிப்போகிற மாதிரி கொடுங்கள். உள்ளே இருப்பது கத்தியும் அடுப்பும் இல்லாமல் எட்டு வயதுக் குழந்தை தானே பிரித்துச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் வேலைக்குப் போன வீட்டில் அது தனியாக இருக்கும். பள்ளிக்குப் போகாத தம்பி தங்கைக்கும் சேர்த்தே வையுங்கள். வைக்காவிட்டாலும் பங்கு போய்விடும், கொண்டுபோன பிள்ளைக்குத்தான் குறையும்.

மூத்தவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆமாம், அரசாங்கம் செய்ய வேண்டியதுதான். இந்தியாவில் உச்ச நீதிமன்றமே 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அரசாங்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அது செய்துவிடுமா? 2020 அக்டோபரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில், விடுமுறைகளிலும் இலவச உணவைத் தொடர வேண்டும் என்ற தீர்மானம் 322-க்கு 261 என்று தோற்றது. கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் அதற்காக மாதக்கணக்கில் குரல் கொடுத்து வந்தவர். தீர்மானம் தோற்ற அடுத்த நாட்களில் சின்னச் சின்ன உணவகங்களும் உள்ளாட்சிகளும் நாங்கள் கொடுக்கிறோம், வாருங்கள் என்று வரிசையாக அறிவித்தார்கள். அவர் அதையெல்லாம் எடுத்து ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நவம்பரில் அரசு இறங்கி வந்தது. தன்னார்வலர்கள் சமைத்ததால் அரசின் பொறுப்பு விட்டுப்போகவில்லை, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நீங்களும் எந்த நாள், எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம். ஆறு மாதக் கணக்கோடு போய் அதிகாரியைப் பார்க்கும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மற்ற பாதியை, அதாவது பெற்றோருக்குப் பொறுப்பு விட்டுப்போகும் என்பதை, நான் ஏற்கவில்லை. பள்ளி மூடினால் வீட்டில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைச் செலவு கூடுகிறது, சம்பளம் கூடுவதில்லை. நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு லீவு நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் அன்றைய கூலியும் போகும். அந்த ஒரு வேளையை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலும் தாயின் தட்டிலிருந்து. உங்கள் மூத்தவரை ஒரு நாள் பரிமாறக் கூப்பிடுங்கள், வாதம் பண்ண வேண்டாம்.

படம் கூடவே கூடாது. பணம் கொடுத்தவருக்கு ரசீதும் கணக்கும் அனுப்புங்கள். படம்தான் வேண்டும் என்றால் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து அனுப்புங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் அந்தப் பணமே வேண்டாம்.

நீங்கள் கேட்காத சிலதும் உண்டு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள், இல்லையென்றால் ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி விடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அப்புறம், இரண்டாவது தடவை கேட்கிற பிள்ளையைப் பார்த்து “இன்னுமா?” என்று யாரும் கேட்கக் கூடாது. வேடிக்கையாகக்கூட.

சனியா ஞாயிறா என்ற கேள்விக்கு என் பதில், ஒரு நாள் போதும், ஆனால் தவறவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுத்த நாள் காலைக்குள் இடைவெளி குறைவு, அதனால் என் ஓட்டு ஞாயிற்றுக்கு. தொடக்கத்தில் எல்லாரும் வருவீர்கள். மூன்றாவது மாதம் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு முதுகுவலி. சாப்பாடு உண்டு என்று நம்பி நடந்து வந்த பிள்ளை பூட்டிய கதவைப் பார்த்தால் அடுத்த வாரம் வராது. ஆகவே நான்கு நான்கு பேராக முறை போட்டுக்கொள்ளுங்கள், சாவி எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். நீண்ட விடுமுறை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டால், வாரத்தில் கூடுதலாக எத்தனை நாள் உங்களால் முடியும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.