கேரட் நம்ம ஊர்க் காயா? அந்தக் காலத்தில் எப்படிச் சாப்பிட்டார்கள்?

இதை என் ஆயாவிடம் கேட்டிருந்தால் பதில் ஒரே மூச்சில் வந்திருக்கும்: "அது இங்கிலீஷ் காய், இலையில ஏறாது." அமாவாசைப் படையலுக்கு வாழைக்காய், பூசணி, அவரை, சேனை எல்லாம் வரும். கேரட், பீன்ஸ், கோஸ் மூன்றும் அன்றைக்கு அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. மறுநாள் அதே ஆயா கேரட் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஆயா சொன்னது பாதி சரி. நம்ம ஊர்க் காய் இல்லைதான். தமிழில் அதற்கென்று ஒரு பெயர்கூட ஒட்டவில்லை. அகராதியில் 'மஞ்சள் முள்ளங்கி' என்று இருக்கிறது. எங்கள் சேலத்துச் சூரமங்கலம் உழவர் சந்தையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், முள்ளங்கியை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் இங்கிலீஷ்காரன் காயும் இல்லை. ஆயிரம் வருடம் முன்பு ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் பயிராகத் தொடங்கியது. அப்போது அதன் நிறம் ஊதா அல்லது மஞ்சள். ஆரஞ்சு நிறத்தைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கிப் பரப்பியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில். அவர்கள் அரச குடும்பத்தைக் கௌரவிக்க அந்த நிறத்தை உண்டாக்கினார்கள் என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றும். அதற்கு ஆதாரம் கிடையாது.

வட இந்தியாவுக்கு வெள்ளைக்காரனுக்கு முன்பே ஆப்கன் வழியாக வந்துவிட்டது. அங்கே குளிர்காலத்தில் வரும் நீளமான சிவப்புக் கேரட்டில்தான் அல்வா கிண்டுவார்கள். கறுப்புக் கேரட்டைக் கடுகுப்பொடி போட்டுப் புளிக்கவைத்துக் காஞ்சி என்று குடிப்பார்கள். நமக்கு வந்தது வேறு வழி. 1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிர் செய்யவைத்தார். அதே காலத்தில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டார். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் ஏற்காடு காப்பிக்கும் மிளகுக்குமான மலை. மேலே போய் 'மலைக் கேரட்' தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், சேலத்தில் விற்கிற நல்ல கேரட் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவது.

சரி, எப்படிச் சாப்பிடுகிறோம்? பொரியல், சாம்பார், குருமா எல்லாம் எல்லா ஊரிலும் இருப்பதுதான். சேலத்தில் மட்டும் கேரட்டுக்கு ஒரு தனி வேலை உண்டு: தட்டுவடை செட். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத மொறுமொறு தட்டுவடை இரண்டு. ஒன்றில் சிவப்புக் காரச் சட்னி, இன்னொன்றில் கொத்தமல்லி புதினாச் சட்னி. நடுவில் பச்சைக் கேரட், பீட்ரூட் துருவல், கொஞ்சம் வெங்காயம். மூடி, அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டையில்தான் விழும்.

இதில் கேரட் அலங்காரத்துக்கு இல்லை. பூண்டும் மிளகாயும் நாக்கில் ஏறும்போது அதைத் தணிப்பது அந்தப் பச்சை இனிப்புதான். எங்கள் தெரு முனை வண்டிக்கார அண்ணன் துருவலில் உப்புப் போடவே மாட்டார். கேட்டால், "உப்பு பட்டா தண்ணி விட்ரும் தம்பி, வடை நமுத்துப் போயிரும்" என்பார். முன்கூட்டியே குவித்து வைக்கவும் மாட்டார். கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் துருவுவார். அவர் பேச்சை மதிக்காமல் ஒருமுறை ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு சிவப்புக் கூழ். பெரியம்மா ஸ்பூன் கொண்டுவந்தார்.

இன்னொரு வேடிக்கை, கேரட்டும் கொத்தமல்லியும் ஒரே தாவரக் குடும்பம். சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம்கூட அதில்தான் சேர்த்தி. கேரட் தழையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், தெரியும். ஆயா 'அந்நியம்' என்று ஒதுக்கியது அவருடைய அஞ்சறைப் பெட்டியின் சொந்தக்காரனை.

கண்ணுக்கு நல்லதா என்று யாராவது கேட்பீர்கள். அதிலுள்ள கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்து குறைந்து வருகிற மாலைக்கண்ணுக்கு உதவும். கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால் நன்றாகச் சேரும். மற்றபடி இருட்டில் பூனைபோலப் பார்வை தெரியும் என்பதெல்லாம் இரண்டாம் உலகப்போரில் ராடார் ரகசியத்தை மறைக்க பிரிட்டன் பரப்பிய கதை. சின்ன வயதில் அம்மா தினமும் ஒரு கேரட் கடிக்கக் கொடுத்தார். எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டிருக்கிறேன்.

கடைசிக் காலத்தில் ஆயாவுக்குப் பல் இல்லை, தட்டுவடை மெல்ல முடியாது. வண்டி முன்னால் நின்று, "ஏப்பா, வடை வேணாம், உள்ளார வெக்கிறதை மட்டும் குடு" என்பார். அண்ணனும் வாழையிலைத் துண்டில் துருவலை வைத்து மேலே பச்சைச் சட்னி ஊற்றிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். இப்போது ஆயாவுக்குப் படையல் போடும் நாளில் அம்மா ஒரு செட் வாங்கிவரச் சொல்லி இலை ஓரத்தில் வைக்கிறார். வெங்காயம் மட்டும் வேண்டாமாம்.