கூகுள்ல வர்ற மருத்துவத் தகவல்ல எதை நம்பலாம்னு எப்படிப் பாக்குறீங்க?

நான் டாக்டர் இல்ல, களியக்காவிளை பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். ஆனா வீட்டுல நடந்த ஒரு கதை இருக்கு.

எனக்க மாமி (அப்பாவுக்க தங்கச்சி) பாறசாலையில இருக்காவ. போன வருஷம் ரத்தம் பாத்ததுல கொலஸ்ட்ரால் 248, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அதுக்குள்ள குடும்ப குரூப்புல யாரோ ஒரு மலையாள வீடியோவப் போட்டு, இரும்பன்புளியை (மரத்துல கொத்தாக் காய்க்குற பச்சைப் புளிப்புக் காய்) அடிச்சு வெறும் வயித்துல சாறு குடிச்சா கொலஸ்ட்ரால் ஓடிரும்னு சொல்லியாச்சு. மாமி வீட்டுக் கிணத்தடியில அந்த மரம் தூரோட காய்ச்சுத் தொங்குது, பின்ன கேக்கணுமா. "மக்களே, குடிக்கலாமான்னு நெட்டுல ஒண்ணு பாத்துச் சொல்லு" என்னாவ.

"இரும்பன்புளி கொலஸ்ட்ரால்"னு அடிச்சேன், மொத்தமும் நல்லது நல்லதுன்னுதான் வந்துச்சு. உத்துப் பாத்தா நாலு சைட்டுல ஒரே பத்தி, அதே எழுத்துப்பிழையோட. எழுதுனவன் பேரும் இல்ல, தேதியும் இல்ல. ஒண்ணுல மட்டும் "ஆய்வில் நிரூபணம்"னு லிங்க் குடுத்திருந்தான், தொறந்தா எலிக்குக் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி. மாமி எலி இல்லல்லா!

நாம நல்லதான்னு கேட்டா நல்லதுன்னு சொல்றவனைத்தான் கூகுள் முன்னால கொண்டு நிறுத்தும். அதனால நான் எதைத் தேடுனாலும் ரெண்டாவது வாட்டி கிட்னி, லிவர் ரெண்டையும் சேத்து எதிர்ப்பக்கமா தேடுவேன். இதுக்கும் அவெரோவா பிலிம்பின்னு அதுக்க அறிவியல் பேரைப் போட்டு கூடவே கிட்னின்னு அடிச்சேன், 2013ல இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜிங்கிற கிட்னி மருத்துவப் பத்திரிகையில வந்த ரிப்போர்ட் கெடச்சுது. வேற எங்கயும் இல்ல, கேரளாவுல 5 ஆஸ்பத்திரியில இதே சாறைக் குடிச்சு கிட்னி கெட்டு வந்த 10 பேரு, அதுல 7 பேருக்கு டயாலிசிஸ் பண்ண வேண்டி வந்திருக்கு. அந்தப் புளியில ஆக்சலேட்டுங்கிற உப்பு கூடுதல், சாறா குடிக்கும்போது அது கிட்னியில போயி படிஞ்சு அடைச்சிருது.

மாமன் விடல, "பத்து பேருதானடே, குடிச்சவன் எத்தனை ஆயிரம் பேரு இருப்பான்"னாரு. நியாயமான கேள்விதான். ஒரு மருந்து கேக்கும்னு சொல்ல பத்து பேரு பத்தாது, ஆனா இது ஆளை டயாலிசிஸ்ல கொண்டு விடும்னு பயப்பட பத்து பேரு தாராளம்.

இன்னொண்ணு, அளவைப் பாருங்க. இங்கிலாந்து சைட்டு ஒண்ணுல கொலஸ்ட்ரால் 5க்குக் கீழ இருக்கணும்னு பாத்துட்டு எனக்க அம்மை "இவளுக்கு 248 ஆச்சே"ன்னு அழவே ஆரம்பிச்சிட்டாவ. அது மில்லிமோல் கணக்கு, நம்ம லேப்ல மில்லிகிராம், 39ஆல பெருக்குனா 5ங்கிறது 195 கிட்ட வரும்.

அந்த ரிப்போர்ட்டை போன்ல எடுத்து மாமிக்க டாக்டர்கிட்டயே காட்டுனோம், அவரு படிச்சிட்டு சாறு வேண்டவே வேண்டாம், மாத்திரையைப் போடுங்கன்னாரு. இப்பம் மாமி நெத்தோலிக் கறியில ரெண்டு காய் போடுவாவ, அவ்வளவுதான். மிச்சம் கிணத்தடியில விழுந்து அழுகுது.