களக்குறிப்பு இருக்கும்போது இன்னொரு நோட்டு எதற்கு?

கேள்வி: சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கூலி பற்றி ப்ராஜெக்ட். களக்குறிப்பை ஒழுங்காக எழுதி வருகிறேன். ஆனால் என் கைடு, ‘தினமும் ரெஃப்ளெக்டிவ் ஜர்னலும் எழுது’ என்கிறார், அதாவது களத்தில் எனக்குள் நடந்ததை யோசித்து எழுதும் நோட்டு. உட்கார்ந்தால் ‘இன்று மனம் கனத்துப்போனது’ என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. ஒரு அக்காவிடம் கூலி போதுமா என்று கேட்டேன், போதும் என்றார். இதில் யோசித்து எழுத என்ன இருக்கிறது? அதோடு, கைடு படிக்கப்போகிற நோட்டில் எப்படி மனம்விட்டு எழுதுவது?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த அக்கா சொன்ன பதிலையே எடுத்துக்கொள்வோம். உங்கள் களக்குறிப்பில் தேதி இருக்கும், கேள்வி இருக்கும், பதில் இருக்கும். நீங்கள் இருக்க மாட்டீர்கள். நீங்கள் கேட்டபோது கங்காணி எங்கே நின்றார்? அக்கா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே சொன்னாரா, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? கையில் பேப்பரும் பேனாவுமாக வந்து நின்ற உங்களை யாரென்று நினைத்திருப்பார், அரசாங்கத்து ஆளென்றா, முதலாளிக்கு வேண்டியவர் என்றா? எல்லாவற்றையும்விட முக்கியமானது, போதும் என்ற பதில் காதில் விழுந்ததும் உங்களுக்குள் என்ன நடந்தது என்பது.

ஒருவேளை அன்றைய பக்கம் இப்படி இருந்திருக்கலாம்:

‘கங்காணி பக்கத்திலேயே நின்றார். அக்கா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏன்? போதாது என்று எழுதிக்கொள்ளத்தான் போனேனா? கேள்வியும் சரியில்லை. போதுமா என்று கேட்டால் ஆமாம், இல்லை தவிர வேறென்ன சொல்ல முடியும்? அடுத்த தடவை சாயங்காலம் வீட்டில் போய்ப் பேச வேண்டும். கூலி கைக்கு வந்ததும் முதலில் எதற்குப் போகிறது, மழைக்காலத்தில் அளத்தில் வேலை இல்லாதபோது யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும்.’

இவ்வளவுதான் ஜர்னல். இது இல்லாவிட்டால், நாலு மாதம் கழித்து நேர்காணல்களை வகைப்படுத்தும்போது அந்த அக்காவைக் ‘கூலியில் திருப்தி உள்ளவர்’ என்ற கட்டத்தில் போட்டுவிடுவீர்கள். கங்காணி நின்றது அதற்குள் உங்களுக்கே மறந்திருக்கும்.

‘மனம் கனத்தது’ என்று எழுதுவதில் தப்பில்லை. அங்கேயே நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை. எதைப் பார்த்துக் கனத்தது, அதனால் கேட்க நினைத்த எந்தக் கேள்வியை விழுங்கினீர்கள், நாளைக்கு எதை மாற்றப்போகிறீர்கள் என்று ஓரிரு வரி சேர்த்தால் போதும். பாவமாக இருக்கிறதே என்று ஒருவரிடம் கேட்காமல் விட்ட கேள்வியும் உங்கள் தரவைப் பாதிக்கிறது.

மனம்விட்டு எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். மானுடவியலில் களப்பணிக்கே இலக்கணம் வகுத்தவராகச் சொல்லப்படுபவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர்க் காலத்தில், நியூ கினிக்கு அருகே பசிபிக் கடலில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தவர். 1942இல் அவர் இறந்தார். களத்தில் அவர் எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு 1967இல் வெளியானபோது துறையே அதிர்ந்தது. தனிமை, சலிப்பு, அந்த மக்கள்மேலேயே எரிச்சல் எல்லாம் அதில் இருந்தன. அவருடைய ஆய்வு நூல்களில் தெரியாத ஆள் இவர். எனக்கு இதில் படுவது, எரிச்சல் எல்லாருக்கும் வரும், அதை ஆய்வாளர் ஒத்துக்கொண்டால்தான் தன் பார்வையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று அவருக்கே தெரியும் என்பதுதான். ஆகவே எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றையும் கைடிடம் காட்ட வேண்டியதில்லை. எந்தப் பகுதியைப் படிப்பார், அதற்கு மதிப்பெண் உண்டா என்று இப்போதே நேரில் கேட்டுவிடுங்கள். கேள்வி மாறிய இடம், முறை மாறிய இடம், உங்கள் முன்முடிவு உடைந்த இடம், இவை அவருக்கு. வீட்டு விஷயம், தோழியோடு போட்ட சண்டை எல்லாம் வேறு நோட்டில் இருக்கட்டும்.

அன்றைக்குள்ளதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். அலுப்பாக இருந்தால் பஸ்ஸில் வரும்போதே போனில் பேசிப் பதிவுசெய்துகொண்டு ராத்திரி எழுதலாம். சமர்ப்பிக்கும் வாரத்தில் மொத்தமாக உட்கார்ந்து எழுதும் ஜர்னலால் கைடுக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் இதைத் தமிழிலேயே, நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதப் போனால் புத்தக வாக்கியங்கள்தான் வந்து விழும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்தப் பெண்களின் பெயரோ, அளத்தின் பெயரோ நோட்டில் வேண்டாம். அ, ஆ என்று குறியீடு வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்த எழுத்து என்ற பட்டியலை வீட்டில் தனியாகப் பூட்டி வையுங்கள். களத்தில் நோட்டை மறந்து வைத்துவிட்டு வந்து, அது கங்காணி கையில் கிடைத்தால், உங்களிடம் மனம்விட்டுப் பேசியவருக்கு மறுநாள் வேலை இருக்காது.