முதல் விதி யாருக்கு?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் மலையைக் காக்க வேண்டும் என்று சிலர் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறோம். காப்பித் தோட்டக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சேலத்திலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறோம். இதுவரை குப்பை அள்ளினோம், கன்று நட்டோம். இப்போது, விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளைத் தடை செய்யக் கோரி அரசுக்கு எழுதலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எங்களில் ஒருவரே தங்கும் விடுதி நடத்துகிறார். கோபித்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கொள்கை வகுப்பது நிபுணர்கள் வேலை, நமக்கு எதற்கு என்கிறார்கள் வேறு சிலர். சிறிய குழு ஒன்று தன் நிலைப்பாட்டை எப்படி உருவாக்கிக்கொள்வது?

எஸ்., ஏற்காடு

அன்புள்ள எஸ்.,

கன்று நடுவதோடு நின்றுவிடாதீர்கள். மலையின் தண்ணீர் யாருக்கு, எவ்வளவு என்பது அலுவலகங்களில் முடிவாகிறது. மலையில் வாழ்கிறவர்களின் சொல் அங்கே எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் நீங்கள் எழுத நினைக்கும் அந்த ஒற்றைக் கோரிக்கை எனக்கு ஏற்புடையதல்ல. விடுதிக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

காப்பி பூக்க மார்ச், ஏப்ரலில் மழை வேண்டும். அது பொய்த்தால் தோட்டக்காரர்கள் ஓடையிலோ குளத்திலோ மோட்டார் வைத்து இறைத்துச் செடிகளுக்குத் தெளிக்கிறார்கள். அதே மாதங்களில்தான் சுற்றுலாக் கூட்டம் மலையேறத் தொடங்குகிறது. அதே மாதங்களில்தான் சிற்றூர்ப் பெண்கள் குடத்துடன் காத்திருக்கிறார்கள். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட், கெட்டியான பாறை. பெய்த மழை அதன்மேல் சிதைந்து கிடக்கும் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கி, ஊற்றாகக் கசிகிறது. ஆழ்துளைக் கிணறும் தோட்டத்து மோட்டாரும் ஊர் ஊற்றும் பெரும்பாலும் ஒரே இருப்பைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியிருக்க, ஒருவருக்கு மட்டும் தடை கேட்டால் அதிகாரிகள் அதைத் தோட்டக்காரர்களின் மனு என்றே படிப்பார்கள்.

ஆகவே வரைவின் முதல் விதி உங்கள் மீதே இருக்கட்டும். கோடையில் எவ்வளவு இறைக்கிறோம் என்பதை மீட்டர் வைத்து அளந்து வெளியிடுவோம், கீழே குடிநீருக்கு வேண்டியது ஓடிய பிறகே மோட்டார் போடுவோம், காப்பிப் பழம் கழுவிய கழிவுநீரை ஓடையில் விடமாட்டோம் என்று தோட்டக்கார உறுப்பினர்கள் கையெழுத்திடட்டும். அடுத்த பத்தியில் விடுதிகளிடம் அதே அளவீட்டையும் அதே ஒழுங்கையும் கேளுங்கள். அப்போது உங்கள் நண்பர் திரும்பி வருவார் என்றே நினைக்கிறேன். வந்தும் உடன்படவில்லை என்றால், அவர் வாதத்தை அவர் சொற்களிலேயே அதே தாளில் சேருங்கள். ஒரே குரலில் பேச வேண்டும் என்ற அவசரத்தில் குழுக்கள் உடைந்திருக்கின்றன.

நிபுணர்கள் தேவைதான், ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்க முடியும். ஓர் ஊற்றைத் தேர்ந்தெடுங்கள். பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். மழை பெய்த நாள், பக்கத்தில் மோட்டார் ஓடிய நாள், புதிய கிணறு தோண்டிய நாள் ஆகியவற்றையும் அதே வரியில் குறியுங்கள். மாணவர்களுக்கு ஏற்ற வேலை இது. ஓராண்டு நோட்டு கையில் இருந்தால், ‘ஊற்று வற்றிவிட்டது’ என்ற புலம்பலுக்குப் பதில் எந்த மாதம், எவ்வளவு என்று சொல்லலாம்.

‘தடை செய்க’ என்றால் எந்தச் சட்டத்தின் கீழ், யார் செய்வது? தமிழ்நாட்டில் 2003-இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவுக்கும் கொள்கைக் கோரிக்கைக்கும் வேறுபாடு இங்கேதான். முன்னது ஒரு கிணற்றைப் பற்றியது. பின்னது எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவான ஒழுங்கை, அதைச் செயல்படுத்த வேண்டிய அலுவலகத்தின் பெயரோடு கேட்பது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழுவில் இருப்பவர்களை வரிசையாகச் சொன்னீர்கள். மலையாளிப் பழங்குடியினர் ஒருவரும் அதில் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழும் மக்கள் அவர்கள். அவர்கள் இல்லாமல் எழுதும் தாள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அரைகுறைதான். சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் காக்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வன உரிமை பெற்றவர்களுக்கும் தருகிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை எடுப்பது பற்றிய கேள்வியை உச்ச நீதிமன்றம் 2013-இல் கிராம சபைகளிடம் அனுப்பியது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. சேர்வராயனிலும் பாக்சைட் தோண்டப்பட்டிருக்கிறது என்பதால் அந்தச் செய்தி நமக்கு அந்நியமல்ல.

மார்ச் 22, உலக தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. அதற்கு முன்பே வரைவை எளிய தமிழில் எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அடிக்கச் சொல்லும் வரிகளை அடியுங்கள், சேர்க்கச் சொல்வதைச் சேருங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு அரசுக்கு அனுப்புங்கள். விடுதிக்கார நண்பரை அழைக்கக் கடிதம் போட வேண்டாம். நீங்களே நேரில் போங்கள்.