வெளிநாட்டு அனிமே வெறியர்கள் ஜப்பானைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறதை ஜப்பான்காரங்க எப்படிப் பாக்குறாங்க?

நான் டோக்கியோ பக்கம் வேலை பாக்குறேன், அனிமேயும், அதாவது ஜப்பான் அனிமேஷன் தொடர், படங்களும் விடாம பாப்பேன், அதனால இதுக்குப் பதில் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. இங்க முக்கால்வாசிப் பேர் இதைக் கண்டுக்கிறதே இல்ல, நம்ம ஊர்க் கதை எங்கேயோ இருக்குற பசங்களுக்குப் பிடிச்சிருக்கேன்னு சந்தோஷம்தான். கோவம் வர்றது எனக்குத்தான், ஏன்னா இந்த வீபூ கூட்டம், அதாவது ஜப்பான்னாலே வெறியா இருக்குற வெளிநாட்டுக்காரங்க, கொண்டாடுற ஜப்பான்ல ஜப்பான்காரங்களுக்கே இடம் கிடையாது.

எங்க ஆபீஸ்ல நடந்ததைச் சொல்றேன். ஐரோப்பாவுல இருந்து வந்து சேர்ந்த ஒரு பையன், அம்பது வயசு தாண்டின ஒரு ஜப்பானிய சீனியர்கிட்ட நீங்க என்ன அனிமே பாப்பீங்கன்னு கேட்டான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட சசாயே-சான் பாப்போம்னு அவர் சொன்னார். 1969ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஃபுஜி டிவியில ஓடிட்டு இருக்குற தொடர் அது, தாத்தா பாட்டி மக மருமகன் பேரன்னு எல்லாரும் ஒரே வீட்டுல இருக்குற கதை, மீனைக் கவ்விட்டு ஓடுற பூனையைத் துரத்துறதுதான் அதுல பெரிய சண்டைக் காட்சி. ஜப்பான்ல அதைத் தெரியாத வீடு இருக்காது, வெளிநாட்டு ரசிகர்கள் பல பேருக்கு அதோட பேரே தெரியாது. அந்தப் பையன் என்ன பண்ணான்னா, அதெல்லாம் அனிமேயே இல்ல, உங்க கலாச்சாரத்தோட அருமை உங்களுக்கே தெரியலன்னு சாமுராய், மானம், வீரம்னு அவருக்கே கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டான். அவர் பொறுமையா தலையாட்டி "அப்படிங்களா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அந்த மனுஷன் அந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவர்ங்க, அவர் பாக்குறது ஜப்பான் இல்லாம வேற என்ன?

ஜப்பான்ல எல்லாருமே அனிமேயோடதான் வாழுறாங்கன்னு வேற நினைச்சுக்கிறாங்க. ஆனா 1989ல சின்னப் பொண்ணுங்களைக் கொன்ன கேஸ்ல ஒருத்தனைப் பிடிச்சாங்க, அவன் ரூம் பூரா வீடியோ டேப், அதுல அனிமேயும் இருந்துச்சு, டிவிக்காரங்க அதைத் திரும்பத் திரும்பக் காட்டினதுல ஓட்டாகுன்னாலே, அதாவது அனிமே மாதிரி விஷயங்கள்ல மூழ்கிக் கிடக்குறவங்கன்னாலே, ஜனங்க ஒதுங்குற நிலைமை வந்துடுச்சு. இப்ப நிறைய மாறிடுச்சு, ஆனா அந்தக் காலத்துல வளர்ந்தவங்ககிட்ட போய் நடு ஆபீஸ்ல உங்க வாய்ஃபு (மனசுக்குப் பிடிச்ச அனிமே கதாநாயகி) யாருன்னு சத்தமா கேட்டா அவங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்.

அப்புறம் ஜப்பான்ல எல்லாமே பர்ஃபெக்ட், உழைப்புன்னா அவங்கதான்னு பதிவு போடுவாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கும். ஒரு முக்கியப் படத்துக்கும் அடுத்த முக்கியப் படத்துக்கும் நடுவுல வர்ற அசைவுகளை வரையுற புதுப் பசங்களுக்கு ஒரு தாளுக்கு 200 யென் மாதிரிதான் கிடைக்கும், வேற வழி இல்லாம பாதியில விட்டுட்டுப் போறவங்க நிறைய. அப்படி இல்லாம ஸ்டாஃபுக்கு மாசச் சம்பளம் கொடுத்து வேலை கத்துக்கொடுத்த கம்பெனின்னு பேர் வாங்கினது கியோட்டோ அனிமேஷன். 2019 ஜூலை 18ல அங்க ஒருத்தன் தீ வெச்சு 36 பேர் செத்துப்போனாங்க. அப்ப உலகம் பூரா இருந்து ரசிகர்கள் காசு அனுப்பினாங்க, பூ அனுப்பினாங்க, அந்த அன்பை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், வரையுறவங்களை மனுஷங்களா பாத்த அன்பு அது.

ஆனா டோக்கியோவுக்குத் தெக்க, காமகுராங்குற கடலோர ஊர்ல இருக்குற காமகுரா-கோகோ-மாயே ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்க. ஸ்லாம் டங்க்குங்குற பாஸ்கெட்பால் அனிமேயோட தொடக்கப் பாட்டுல வர்ற லெவல் கிராசிங், பின்னாடி கடல், எனோடென்குற உள்ளூர் ரயில் வர்ற நேரம் பாத்து வெளிநாட்டுக்காரங்க கூட்டமா நடுரோட்டுல நிப்பாங்க, கார் ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டாங்க, ஆள் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டி இருக்கு. அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க, ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க, கடைக்குப் போற வயசானவங்க, அவங்க எல்லாம் இவங்க போட்டோவுக்கு இடைஞ்சல்.

அனிமேல வர்ற இடத்தைத் தேடிப் போற இதே யாத்திரை நல்லபடியா நடந்த ஊரும் இருக்கு. டோக்கியோவை ஒட்டின சைதாமா மாகாணத்துல இருக்குற வாஷினோமியா கோயில், 2007ல வந்த லக்கி ஸ்டார்ங்குற அனிமே தொடர்ல வந்ததால ரசிகர்கள் தேடி வந்த இடம். முதல்ல ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் தயக்கம், அப்புறம் உள்ளூர் வியாபாரிங்களே ரசிகர்களோட உக்காந்து பேசினாங்க, 2008 திருவிழாவுல லக்கி ஸ்டார் படம் போட்ட சாமிப் பல்லக்கைச் செஞ்சு ரசிகர்களையே தூக்க விட்டாங்க. அந்த ரசிகர்கள்ல பெரும்பாலானவங்க ஜப்பான்காரங்கதான்றது உண்மை. வெளியில இருந்து வர்றவங்களும் அந்த மாதிரி ஊர்க்காரங்களோட சேர்ந்து நிக்கட்டும், அவங்க வீட்டுல என்ன ஓடுதுன்னு கேட்டு அதையும் ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும்.