அம்மிச்சி எப்ப வரணும்? - வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்ங்க அக்கா,

ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், எழுதறது இப்பதான். பேர் போட வேண்டாங்க. சொந்த ஊர் பவானி, இப்ப குடும்பத்தோட மியூனிக்ல இருக்கோம். வர்ற செப்டம்பர்ல பொண்ணு நாலாவது போறா, பையன் ஒண்ணாவது சேர்றான்.

ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டுக்காரரோட அப்பா அம்மா மே மாசம் வந்துட்டு போனாங்க. வெயில் நல்லாயிருக்கும்னு கூப்பிட்டோம், ஆனா பிள்ளைங்க ஸ்கூல், நாங்க ஆபீஸ், அவங்க ரெண்டு பேரும் பகலெல்லாம் பால்கனில உக்காந்திருந்தாங்க. சுவிஸ், பாரிஸ்னு பேக்கேஜ் டூர் அனுப்பி வெச்சோம், போட்டோ நிறைய இருக்கு. இந்த வருஷம் எங்க அப்பா அம்மா, பிள்ளைங்களோட அப்புச்சி அம்மிச்சி முறை. அதே மாதிரி ஜூன்ல கூப்பிட்டு 12 நாள் டூர் போட்டுரலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். எங்கப்பாவுக்கு ஐரோப்பா எல்லாம் ரெண்டாம்பட்சம், பையனுக்கு ஆறு வயசாகியும் இன்னும் காது குத்தலைங்கறதுதான் குறை. அதனால ஜூலை கடைசில லீவு விடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு ஸ்கூல்ல சொல்லிட்டு, அப்பா அம்மாவோடயே ஊருக்கு போய் காது குத்திட்டு வந்துரலாமான்னு ஒரு யோசனை, அப்ப டிக்கெட்டும் கம்மியா கிடைக்குது. இல்லைன்னா இங்க ஜெர்மனிலயே ஹாம்ங்கற ஊர்ல இருக்கற காமாட்சி அம்மன் கோயில்ல முடிச்சுக்கலாமா?

மனசுக்குள்ள ஒண்ணு உறுத்திட்டே இருக்குங்க. பையன் நடந்தது, பேசினது, பல் விழுந்தது எல்லாமே அம்மாவுக்கு வீடியோ கால்லதான். பார்த்துட்டு "சரி சாமி"ன்னு சொல்லி வெச்சிருவாங்க. நாங்க பண்றது சரிதானான்னு தெரியலை.

---

அம்மணி,

அந்த 12 நாள் டூரை முதல்ல கேன்சல் பண்ணுங்க, அட்வான்ஸ் கட்டியிருந்தா போனா போகுதுன்னு விட்ருங்க. அறுபது எழுபது வயசுக்காரங்கள பஸ்ல ஏத்தி காலைல ஒரு நாடு சாயங்காலம் ஒரு நாடுன்னு சுத்த விட்டு, சுவிஸ்ல 3,454 மீட்டர் உயரத்துல இருக்கற யூங்ஃப்ராயோக்ல கொண்டு போய் மூச்சு வாங்க நிக்க வெச்சு, ராத்திரி எங்கயோ ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட்ல ஆறிப்போன பன்னீர் பட்டர் மசாலா, இதுக்கு அவங்க கோபிக்கு போயிட்டு வந்தாலே சந்தோஷமா இருப்பாங்க. போனவங்க யாரும் புள்ளைங்க மனசு கஷ்டப்படுமேன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

ஜூனும் வேண்டாம். ஜூலை 20 வாக்குல வரச் சொல்லுங்க. அவங்க ஐரோப்பா வர எடுக்கற ஷெங்கன் விசால எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் 90 நாள்தான் இருக்கலாம், அதுல இறங்கற நாளும் கிளம்பற நாளும் சேர்த்தி, ஜூலை 20ல இறங்கினா அக்டோபர் 17 கடைசி நாள். இந்த மூணு மாசத்துக்குள்ள என்னென்ன வருதுன்னு பாருங்க. உங்க மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல இந்த 2026ல ஆகஸ்ட் 3லேருந்து செப்டம்பர் 14 வரைக்கும் கோடை லீவு, அதாவது ஆறு வாரம் பிள்ளைங்க முழுசா வீட்ல. செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி, மறுநாள் 15 செவ்வாய்க்கிழமை உங்க பையன் ஒண்ணாம் கிளாஸ் போறான். கொழுக்கட்டை சாப்பிட்டுட்டு அடுத்த நாள் காலைல அப்புச்சி கைய புடிச்சிட்டு ஸ்கூல் போற மாதிரி பஞ்சாங்கமே உங்களுக்கு ஏத்த மாதிரி அமைஞ்சு கிடக்கு, இதை விட்டுட்டு ஜூன்ல கூப்பிட்டு பால்கனில உக்கார வெப்பீங்களா?

இங்க முதல் நாள் ஸ்கூல்ங்கறது எவ்வளவு பெரிய விசேஷம்னு பொண்ணை சேர்த்தப்பவே பார்த்திருப்பீங்க. நம்மூர்ல விஜயதசமிக்கு அரிசில எழுத வெக்கறோம், இவங்க புள்ள உயரத்துக்கு பாதிக்கு மேல இருக்கற ஒரு காகிதக் கூம்புல மிட்டாயும் பென்சிலும் போட்டு கட்டி கைல குடுக்கறாங்க. சாக்ஸனி, துரிங்கியா பக்கம் 19ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச பழக்கம், வாத்தியார் வீட்ல அந்தக் கூம்பு காய்க்கற மரம் இருக்கு, அது பழுத்துட்டா நீ ஸ்கூலுக்கு போகலாம்னு குழந்தைங்ககிட்ட கதை சொல்லுவாங்களாம். அன்னிக்கு தாத்தா பாட்டி, சித்தி, சித்தப்பான்னு ஒவ்வொரு வீட்லயும் ஒரு பட்டாளமே வந்து நிக்கும், நம்ம ஆளுங்கதான் அப்பா அம்மான்னு ரெண்டு பேரா நின்னு செல்ஃபி எடுத்துட்டு அப்படியே ஆபீஸ் போயிருவோம். அந்தக் கூம்பை நிரப்பற வேலைய உங்கம்மாகிட்ட விட்ருங்க. கடலை மிட்டாய், தேங்காய் பர்ஃபி, தேன் மிட்டாய், எதையாவது போடட்டும், கேட்டு கேட்டு கரெக்ஷன் பண்ணாதீங்க. பெட்டில நெய் டப்பா மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க, வெளிநாட்லேருந்து பால் பொருள் கொண்டு வர்றதுக்கு இங்க தடை, இங்கயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கலாம், முருங்கைக்கீரைக்குத்தான் அலையணும்.

உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி ஒரு வாரம் முன்னாடி கிளம்பறது, அதை மட்டும் பண்ணாதீங்க. எல்லாரும் பண்றாங்கன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல சொல்லுவாங்க. 2018ல பெந்தெகொஸ்தேங்கற கிறிஸ்தவப் பண்டிகை லீவுக்கு முன்னாடி மெம்மிங்கன், நியூரம்பர்க் ஏர்போர்ட்ல போலீஸ் நின்னு, ஸ்கூல் நாள்ல புள்ளைங்களோட கிளம்பின குடும்பங்கள கேள்வி கேட்டு ஸ்கூலுக்கு போன் போட்டு விசாரிச்சது பெரிய நியூஸ் ஆச்சு. பவேரியால ஆயிரம் யூரோ வரைக்கும் அபராதம் போடலாம், டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது அதுலயே போயிரும். அதைவிட, ஒன்பது வயசு பொண்ணுக்கு "டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லு"ன்னு சொல்லிக் குடுக்கணுமே, அது எனக்கு ஒப்பலை.

இன்னொண்ணு, உங்கப்பா எப்படி விட்டார்னு தெரியலை, ஜூலை 17லேயே ஆடி பொறந்துருது. ஆடில யாரு காது குத்துவாங்க? ஆகஸ்ட் பாதில ஆவணி பொறந்தாலும் அப்ப ஊர்ல மச்சான் பிள்ளைங்களுக்கு ஸ்கூல், காலாண்டுப் பரீட்சை வேற பக்கத்துல வந்துரும், உங்க பசங்க கூட விளையாட ஆளிருக்காது. வெளிநாட்ல இருக்கற நம்ம எல்லாருக்கும் இதே தலைவலிதான், அங்க லீவு ஏப்ரல் கடைசி, மே, நமக்கு ஆகஸ்ட், பொங்கலுக்கு போகலாம்னா இங்க கிறிஸ்துமஸ் லீவு மூணு ராஜாக்கள் பண்டிகையோட, ஜனவரி 6 வாக்குல முடிஞ்சு பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி பெட்டியைக் கட்ட வெச்சிருது.

ஆனா பவேரியாக்காரங்களுக்கு ஒரு வழி இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்லை. பெந்தெகொஸ்தே லீவுன்னு ரெண்டு வாரம் விடறாங்க பாருங்க, ஜெர்மனில நிறைய மாநிலத்துல அது ஒண்ணு ரெண்டு நாளோட சரி. ஈஸ்டர் தேதிய வெச்சு அது முன்னப்பின்ன நகரும், ஆனா எப்படிப் பார்த்தாலும் மே, ஜூன்லதான் விழும். 2027ல மே 18லேருந்து 28 வரைக்கும், சனி ஞாயிறு சேர்த்தா மே 15லேருந்து 30 வரை. மே 15 வாக்குல வைகாசி பொறந்துரும், முகூர்த்த மாசம், ஊர்ல பிள்ளைங்க எல்லாருக்கும் லீவு, ஊரே கல்யாணம் காதுகுத்துன்னு ஜேஜேன்னு இருக்கும். காதுகுத்தை அப்ப வெச்சுக்கங்க. அக்னி நட்சத்திரத்துல போய் நிப்பீங்க, மொட்டை போட்ட தலைக்கு ஒரு தொப்பி எடுத்துக்கங்க, வேற வழியில்லை.

ஹாம் கோயில் பத்தி கேட்டிருந்தீங்க. இலங்கைத் தமிழர்கள் அகதியா வந்த ஊர்ல எழுப்பின கோயில், 2002ல கும்பாபிஷேகம், தேருக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வரும், அதுக்குன்னு ஒரு தடவை கட்டாயம் குடும்பத்தோட போயிட்டு வாங்க, காவடியும் பால்குடமும் ஜெர்மன் ரோட்டுல போறதை பிள்ளைங்க பார்க்கட்டும். ஆனா உங்கப்பா கேக்கறது குலதெய்வம் கோயில்ல, தாய்மாமன் மடில உக்கார வெச்சு, சீர் வெச்சு, சொந்தபந்தம் சாட்சியா நடக்கற காதுகுத்து. உங்க கூடப்பொறந்தவர் மடி பவானில இருக்கறப்போ ஹாம்ல யார் மடில உக்கார வெப்பீங்க? ஒரு வருஷம் தள்ளிப்போறதால காது எங்கயும் ஓடிப்போகாதுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க, இப்பவே தேதி பார்த்து மண்டபத்துக்கு சொல்லி வெக்கற வேலைய அவர்கிட்ட குடுத்துட்டா மனுஷன் அமைதி ஆயிருவார்.

2027 மேன்னு நான் சொல்றதுக்கு உங்க பொண்ணும் ஒரு காரணம். நாலாவது படிக்கற வருஷம் இங்க எப்படின்னு போகப்போக தெரியும். ஜெர்மன், கணக்கு, அப்புறம் சமூகமும் அறிவியலும் கலந்த அந்தப் பாடம், மூணுலயும் சேர்த்து சராசரி 2.33க்குள்ள வந்தா யுனிவர்சிட்டிக்கு வழிவிடற கிம்நாசியும்ங்கற ஸ்கூல், 2.66க்குள்ள வந்தா அதுக்கு அடுத்த படியான ரியால்ஷூலே, மார்க் குறையக் குறைய நல்லதுங்கறது ஊர்ல யாருக்கும் புரியாது, "ரெண்டு மார்க்கா வாங்கினா"ன்னு அதிர்ச்சி ஆவாங்க. பத்து வயசு குழந்தைக்கு இதெல்லாம் அதிகம்ங்கறது என் கட்சி. இந்த சராசரி போட்ட சர்டிபிகேட் மே மாசம் ஆரம்பத்துலயே கைக்கு வந்துரும். எந்த ஸ்கூல்னு முடிவு பண்ணி அட்மிஷனை முடிச்சுட்டு, அது என்னவா இருந்தாலும் சரின்னு அவளைக் கூட்டிட்டு ஊருக்கு போங்க, அக்காவா முன்னாடி நின்னு தம்பி காதுகுத்துல ஆடித் தீர்க்கட்டும். அதே வருஷம் போலீஸ்காரங்க வந்து சைக்கிள் ஓட்ட டெஸ்ட் வெப்பாங்க, அதுக்கான ப்ராக்டிஸை அப்புச்சி இருக்கறப்பவே ஆரம்பிச்சுருங்க, பின்னாடி புடிச்சிட்டு ஓட ஒரு ஆளாச்சு.

வீடியோ கால்ல பார்த்துட்டு "சரி சாமி"ன்னு வெச்சிர்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. வேற என்ன சொல்லுவாங்க அம்மணி? முடிஞ்சு போனதை காட்டறீங்க. பல் விழுந்துருச்சு, பேட்ஜ் வாங்கிட்டான்னு ரிசல்ட் மட்டும் அவங்களுக்கு போகுது, அதுல அவங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனாலதான் ஆகஸ்ட் முக்கியம்ங்கறேன். இங்க நீச்சல் கத்துக்கற பிள்ளைங்களுக்கு குடுக்கற கடல்குதிரை பேட்ஜை பையன் இன்னும் வாங்கலைன்னா இந்த லீவுல வாங்கட்டும், 25 மீட்டர் நீந்தணும், தோளளவு தண்ணில கிடக்கறதை குனிஞ்சு கையால எடுக்கணும், பவானிக்காரருக்கு இதுக்கெல்லாம் சர்டிபிகேட்டான்னு சிரிப்பு வரும், வரட்டும், சிரிச்சுட்டே அவர் கத்துக் குடுக்கட்டும். எங்க மாமனார் வந்திருந்தப்போ அவருக்கு ரொம்ப பிடிச்சுப்போனது சூப்பர் மார்க்கெட்ல காலி பாட்டில் போடற மெஷின், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பேரனைக் கூட்டிட்டு பை நிறைய தூக்கிட்டு போய் போட்டு சீட்டு வாங்கி அதுல அவனுக்கு ஐஸ்கிரீம். ஊர்ல போய் ஆல்ப்ஸ் மலைய பத்தி ஒரு வார்த்தை பேசலை, அந்த மெஷினைப் பத்திதான் ஒரு வருஷம் பேசினார்.

ஊர் சுத்த வேண்டாம்னு சொல்லலை. பேயர்ன் டிக்கெட் ஒண்ணு எடுத்தா பெரியவங்க நாலு பேரும் ஒரு நாள் பூரா லோக்கல் ட்ரெயின்ல போகலாம், உங்க பிள்ளைங்களுக்கு தனியா காசில்லை, வேலை நாள்னா காலைல 9 மணிக்கு மேல ஏறணும். அதுலயே சால்ஸ்பர்க் வரைக்கும் போகலாம். ஆடி பதினெட்டுக்கு கூடுதுறைல இருக்க வேண்டியவங்கள இங்க கூட்டிட்டு வர்றீங்க, அதனால அந்த வாரமே பாஸாவ் கூட்டிட்டு போங்க. டான்யூப், இன், இல்ஸ்னு மூணு ஆறு சேர்ற இடம், இல்ஸ் கருப்பா, இன் பச்சையா வந்து கலக்கறது கண்ணுக்கே தெரியும், கூடுதுறைல மூணாவதா வர்ற அமுத நதி மாதிரி கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. உங்கம்மா ஒரு பூவாவது விடாம வர மாட்டாங்க. இன்னொரு நாள் கோனிக்ஸ்ஸே ஏரி, 1909லேருந்து கரன்ட் படகுதான் ஓடுது, நடு ஏரில நிறுத்தி படகுக்காரர் ஊதற எக்காளம் பாறைல பட்டு திரும்பி வரும். ரெண்டு போதும். மிச்ச நாள் பக்கத்து பார்க், வாரச்சந்தை, பாட்டில் மெஷின்.

இப்பவே ஆரம்பிக்க வேண்டியது உங்க ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துல வாங்கற, அவங்க செலவுக்கு நாங்க பொறுப்புங்கற பொறுப்பேற்புக் கடிதம், ஜெர்மன்ல அதோட பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு முட்டும், 29 யூரோ, உங்க சம்பளச் சீட்டு கேப்பாங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுதான் இழுக்கும். விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியிருந்தே அப்ளை பண்ணலாம், 90 யூரோ கட்டணம், இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். அதுல பழைய வியாதிக்கு கவர் இருக்கான்னு படிச்சுப் பார்த்துட்டு எடுங்க, பெரும்பாலும் இருக்காது. அப்பாவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை ஏதாவது போயிட்டிருந்தா மூணு மாசத்துக்கும் சேர்த்து, மருந்துப் பேர் தெளிவா இருக்கற டாக்டர் சீட்டோட கொண்டு வரச் சொல்லுங்க. செப்டம்பர் 19லேருந்து அக்டோபர் 4 வரைக்கும் அக்டோபர்ஃபெஸ்ட்ங்கற பீர் திருவிழா, தோல் டவுசர் போட்டுட்டு ஊரே தள்ளாடிட்டு இருக்கும், அந்த நாள்ல சாயங்காலம் அவங்களைத் தனியா யு-பான் மெட்ரோல அனுப்பாதீங்க.