அடியில என்ன போட்டிருக்கான்?

அன்புள்ள ஐயா,
ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பயிற்சிக்குப் போகச் சொல்லி வந்த மெயிலில் ‘கம்பெனி வில் ஃபுட் தி பில்’ என்றிருந்தது. பில்லுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக் கரண்ட் பில் கட்டினாலும் இப்படிச் சொல்லலாமா? ‘பே த்ரூ தி நோஸ்’ என்பது, வரி கட்டாதவன் மூக்கை டேனிஷ்காரர்கள் அறுத்ததால் வந்ததாமே?
கி., கிருஷ்ணகிரி

அன்புள்ள கி.,

மூக்குக் கதையைத் தூக்கிப் போடுங்கள், ஆதாரம் கிடையாது. அநியாய விலை கொடுப்பது என்று பொருள், 17ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. கரண்ட் பில்லுக்கு ‘பே’ போதும். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று பெரிய செலவு, பெரும்பாலும் மற்றவர்களுக்கும் சேர்த்து, ஒருவர் தலையில் விழும்போதுதான் ‘ஃபுட்’.

ஆனால் காலுக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் பேசுகிறவர் கேட்கலாமா? கோபம்தான் வந்தது. மரத்தடி, மலையடி என்று தினமும் சொல்கிறீர்கள். அடி என்றால் பாதம், கீழ்ப்பக்கமும் அடிதான். ஆங்கிலக் கணக்குப்பிள்ளைக்கும் அப்படியே. வரிசையாக எழுதிய தொகைகளைக் கூட்டித் தாளின் அடியில் போடுவதுதான் ‘ஃபுட்’ செய்வது. கணக்கர்கள் இன்றும் ‘ஃபுட்டிங்’ என்கிறார்கள். அந்தத் தொகையைக் கொடுப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

எனக்கு இது அகராதிக்கு முன்பே தெரியும். எட்டாவது படிக்கும்போது அப்பா தக்காளியை மண்டியில் போட்டுவிட்டு ராத்திரி வருவார். எழுத்துத் தெரியாது. ரோஸ் நிறச் சீட்டை என்னிடம் நீட்டி, “மேல இருக்கறத விடு. அடியில என்ன போட்டிருக்கான், படி” என்பார். ஒரு நாள் நான் படிக்கவில்லை. 20 கூடை, கூடை 15 ரூபாய், ஆக 300. கழிவு: கமிஷன் 30, வண்டி வாடகை 240, இறக்குகூலி 40. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். 310 தான் வந்தது. அடியில் பத்து ரூபாய்க்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு.

“பத்து ரூபாயா?” என்றார் அப்பா.

“நாமதாம்பா தரணும்.”

பறிக்க வந்த நாலு பேருக்குக் கூலி அந்தச் சீட்டிலேயே இல்லை. அதற்கு மறுநாள் காலையில் அம்மா இரண்டு கோழியை விற்றாள். அப்பா சீட்டை நாலாக மடித்து, மற்ற சீட்டுகளோடு எரவாணத்தில் செருகி வைத்தார்.